சாட்சிக்கூண்டு மறுக்கப்பட்டோரின் பாடல்கள்: ரியானன் கிடன்ஸின் ‘ஃப்ரீடம் ஹைவே’

அமெரிக்காவில் மனிதர்களை விற்பதும் வாங்குவதும் சட்டப்படியான தொழிலாக இருந்த காலத்தில் வெளியான ஒரு விளம்பரம். விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பவர் ஏறக்குறைய 22 வயதுடைய ஒரு கறுப்பினப் பெண். அவரது பெயர் அதில் இல்லை. உடல்நலமும் வேலைத்திறனும் சொல்லப்பட்டிருக்கின்றன. இறுதியில், அவருக்கு 9 மாதக் குழந்தை ஒன்று இருப்பதாகவும், அது ‘வாங்குபவரின் விருப்பத்திற்கு’ விடப்படுவதாகவும் ஒரு குறிப்பு இடம்பெறுகிறது. வாங்குபவர் விரும்பினால் குழந்தை தாயுடன் செல்லும். விரும்பாவிட்டால் தாய் மட்டும் செல்வார்.

வழக்குரைஞர்களாகிய நாங்கள் இத்தகைய மொழிக்குப் பழகியவர்கள். வன்கொடுமை வழக்கு ஒன்றின் கட்டைப் பிரித்தால், பாதிக்கப்பட்டவரைப் பற்றிய எல்லாமும் அதில் இருக்கும். வயது, சாதி, காயத்தின் நீளம், அகலம், ஆழம். அவரது சொல் மட்டும் பெரும்பாலும் வேறொருவரின் கையெழுத்தில், வேறொருவரின் நடையில் இருக்கும். ஆவணத்தை எழுதுகிறவர் யார் என்பதே வழக்கின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. மேற்கண்ட விளம்பரமும் அப்படிப்பட்ட ஓர் ஆவணம். உடைமையாளன் தன் தேவைக்காக எழுதியது அது. விற்கப்பட்டவளுக்கு அதில் குரல் இல்லை.

அந்த விளம்பரத்தைப் படித்த ஓர் இசைக்கலைஞர், விற்கப்பட்ட பெண்ணையே பேச வைத்து ஒரு பாடலை எழுதினார். ரியானன் கிடன்ஸ் எழுதிய அந்தப் பாடலின் தலைப்பும் ‘வாங்குபவரின் விருப்பப்படி’ என்பதே. 2017 பிப்ரவரியில் நான்சச் நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ரீடம் ஹைவே’ (விடுதலை நெடுஞ்சாலை) இசைத்தொகுப்பு இந்தப் பாடலோடுதான் தொடங்குகிறது. பன்னிரண்டு பாடல்கள் கொண்ட இத்தொகுப்பை, நீதிமன்றத்தில் பேச அனுமதிக்கப்படாத மக்களின் சாட்சியத் தொகுப்பாக நாம் வாசிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இசையின் பின்புலம்

கிடன்ஸ் 1977இல் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்போரோ நகரில் பிறந்தவர். ஓபர்லின் இசைக் கல்லூரியில் ஐரோப்பிய இசைநாடகப் பாடலை முறையாகப் பயின்றவர். 2005இல், வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அதையொட்டி மீபேன் ஊரைச் சேர்ந்த ஜோ தாம்ப்சன் என்னும் முதிய ஃபிடில் கலைஞரிடம் அவரும் நண்பர்களும் பாடம் கேட்கத் தொடங்கினர். அப்போது தாம்ப்சனுக்கு 86 வயது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்திற்குள் கைமாறி வந்த கறுப்பின நாட்டார் இசை மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவர் அவர். அந்தப் பயிற்சியிலிருந்து ‘கரோலினா சாக்லேட் டிராப்ஸ்’ என்னும் குழு உருவானது. அக்குழுவின் ‘ஜெனுயின் நீக்ரோ ஜிக்’ தொகுப்பு சிறந்த மரபு நாட்டார் இசைக்கான கிராமி விருதைப் பெற்றது.

‘ஃப்ரீடம் ஹைவே’ தொகுப்பை கிடன்ஸ், டர்க் பவலுடன் இணைந்து தயாரித்தார். லூசியானாவின் பிரோ பிரிட்ஜ் ஊரில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே கட்டப்பட்ட மர அறைகளில் இதன் பெரும்பகுதி எட்டே நாள்களில் பதிவு செய்யப்பட்டது. பன்னிரண்டில் ஒன்பது பாடல்கள் கிடன்ஸ் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ எழுதியவை. ஒன்று மரபுப் பாடல். எஞ்சிய இரண்டும் 1960களின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்தவை.

இதன் அடித்தளம் ப்ளூஸ். அடிமைமுறை ஒழிந்தபின் தென்மாநிலங்களில் உருவான இசை அது. 1865இல் நிறைவேறிய 13ஆவது அரசமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்திற்கான தண்டனை என்ற பெயரில் கட்டாய உழைப்பை அது அனுமதித்தது. அந்த இடைவெளிக்குள் சிறைக்கைதிகள் தோட்ட முதலாளிகளுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டனர். சிறைக்கு வெளியே இருந்தவர்கள் வாரச் சாகுபடியில் சிக்கினர். நிலம் முதலாளியுடையது, விதையும் அவர் கடையிலேயே கடன், கணக்குப் புத்தகமும் அவர் கையில். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். இந்த வாழ்விலிருந்து, ஒற்றைக் கிதாரும் ஒற்றைக் குரலுமாக எழுந்ததுதான் ப்ளூஸ். முதல் வரியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாம் வரியில் விடை சொல்லும் அதன் அமைப்பு எளியது. ஐரோப்பியச் சுரவரிசையின் இரு சுரங்களுக்கு நடுவே வளைந்து நிற்கும் சுரங்கள்தான் அதன் தனித்த அடையாளம்.

இந்த மரபுக்கு கிடன்ஸ் நேரடியாக வணக்கம் செலுத்துகிறார். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிவு செய்த, கொலையுண்ட ஓர் இளைஞனுக்கான இரங்கற்பாடலை இத்தொகுப்பில் அவர் பாடியிருக்கிறார். அந்தப் பதிவுகளுக்குப் பின் ஹர்ட் உழவுத் தொழிலாளியாகவே வாழ்ந்து, 35 ஆண்டுகள் கழித்து 1963இல்தான் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டார். மூன்றே ஆண்டுகளில் இறந்தும் போனார். அவரது மென்மையான விரல்மீட்டு முறையின் சாயல் தொகுப்பின் பல இடங்களில் கேட்கிறது. அதனோடு அப்பலாச்சிய மலைப்பகுதியின் நாட்டார் இசை, தேவாலயப் பாடல்களிலிருந்து வளர்ந்த ‘சோல்’ இசை, நியூ ஆர்லியன்ஸின் எக்காளம் ஆகியவை இணைகின்றன. பெரும்பாலும் மரமும் தோலும் நரம்பும் தரும் ஒலிகளே கேட்கின்றன. குரலுக்கும் கேட்பவருக்கும் இடையில் அதிகம் எதுவும் இல்லை.

ஒரு கருவிக்கு நேர்ந்தது

இத்தொகுப்பில் கிடன்ஸ் வாசிக்கும் பாஞ்சோ, 1858ஆம் ஆண்டுக் கருவி ஒன்றின் நகல். இன்றைய பாஞ்சோவைப் போல் கூர்மையாக ஒலிக்காமல், கட்டைகளின்றித் தாழ்ந்த சுருதியில் முழங்குவது.

பாஞ்சோ என்றாலே வெள்ளையின மலைநாட்டு இசை என்பதுதான் பொதுப்புத்தி. வரலாறு வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் அகோன்டிங் போன்ற சுரைக்குடுக்கைக் கருவிகளின் வழிவந்தது அது. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதைத் தம் கைகளால் மீண்டும் உருவாக்கினர். அவர்களது இசை மீது சட்டமும் கை வைத்தது. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அம்மாநிலம் இயற்றிய சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் பிற உரத்த கருவிகளும் வைத்திருப்பதை ஆயுதங்களோடு சேர்த்துத் தடை செய்தது. முரசு ஓர் ஆயுதம் என்பதை ஆண்டைகள் சரியாகவே உணர்ந்திருந்தனர்.

பின்னர் 1830கள், 1840களில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாஞ்சோவுடன் மேடையேறி, கறுப்பின மக்களைக் கோமாளிகளாக்கி நடித்தனர். நாடு முழுவதும் அது பெருங்கேளிக்கையாயிற்று. அத்தகைய ஒரு மேடைப் பாத்திரத்தின் பெயர்தான் ‘ஜிம் குரோ’. கறுப்பின மக்களை ரயில் பெட்டியிலும் பள்ளியிலும் குடிநீர்க் குழாயிலும் பிரித்து வைத்த ஒதுக்கல் சட்டங்கள் அனைத்தும் பின்னாளில் அந்தக் கேலிப் பாத்திரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டன. கேலியும் சட்டமும் ஒரே பெயரைச் சூடியிருந்தது நம் கவனத்திற்குரியது.

1920களில் ஒலித்தட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவரின் பதிவுகளை ‘இனப் பதிவுகள்’ என்றும், வெள்ளையின நாட்டார் பதிவுகளை ‘மலைநாட்டு இசை’ என்றும் தனித்தனிப் பட்டியலாக்கி விற்றன. ஒரே ஊரில், ஒரே விருந்தில், ஒரே பாடலை வாசித்தவர்கள் சந்தையில் இரு சேரிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஃபிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் கலைஞருக்கு அந்தப் பிரிவினையில் இடமே இல்லாமற்போயிற்று. கிடன்ஸ் பாஞ்சோவைக் கையில் எடுப்பது இந்த வரலாற்றுக்கான பதில்.

பறையோடு இதை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பாஞ்சோ அதை உருவாக்கியவர்களின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. பறையோ, சாவுக்கு அடித்தே தீர வேண்டிய சாதித்தொழிலாக நம் மீது சுமத்தப்பட்டது. ஆகவேதான் நம்மிடையே பறையை அடிக்க மறுத்ததும் போராட்டமாயிற்று, அதைக் கலையாக மீட்டு அடிப்பதும் போராட்டமாயிற்று.

விளம்பரத்தின் பின்னிருந்த சட்டம்

‘வாங்குபவரின் விருப்பப்படி’ பாடலை அதன் சட்டப் பின்புலத்தோடு கேட்க வேண்டும். அந்த 9 மாதக் குழந்தை எப்படி விற்பனைப் பொருளாயிற்று? 1662இல் வர்ஜீனியா குடியேற்றம் இயற்றிய சட்டம்தான் அதற்கு வேர். பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது என்பதே ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபு. அம்மரபைக் கைவிட்டு, குழந்தை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என வர்ஜீனியா விதித்தது. இதன் பொருள் தெளிவானது. ஆண்டை தன் அடிமைப்பெண்ணை வன்புணர்ந்து பிறக்கும் குழந்தைக்கு அவன் தந்தையாக வேண்டியதில்லை, உடைமையாளன் ஆவான். வன்கொடுமை அவனது சொத்தைப் பெருக்கியது. 1808இல் வெளிநாடுகளிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டபின், உள்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் விலையும் முன்னிலும் முக்கியமாயிற்று.

கிடன்ஸின் சொந்த மாநிலமான வட கரோலினாவில் 1829இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. லிடியா என்னும் அடிமைப்பெண்ணை ஜான் மேன் என்பவன் வாடகைக்கு எடுத்திருந்தான். சிறு தவறொன்றுக்காக அவன் தண்டிக்க முற்பட்டபோது லிடியா ஓடினார். அவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்தினான். கீழமை நீதிமன்ற நடுவர் குழு அவனைக் குற்றவாளி என்றது. நீதிபதி தாமஸ் ரஃபின் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். அடிமையின் கீழ்ப்படிதல் முழுமையாக இருக்க வேண்டுமானால் ஆண்டையின் அதிகாரம் எல்லையற்றதாக இருந்தாக வேண்டும் என்பது அவரது முடிவு. இந்தக் கொள்கையின் கொடுமையைத் தாம் உணர்வதாகவும் அதே தீர்ப்பில் அவர் எழுதினார். மனம் வருந்தியபடியே அநீதி வழங்கும் நீதிபதிகளை நாம் அறியாதவர்கள் அல்லர்.

1855இல் மிசௌரியில் நடந்தது இன்னும் கொடியது. சீலியா என்னும் பெண் ஏறக்குறைய 14 வயதில் விலைக்கு வாங்கப்பட்டு, ஐந்து ஆண்டுகள் தன் ஆண்டையின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர். இறுதியில் ஓர் இரவு அவனை அடித்துக் கொன்றார். ‘எந்தப் பெண்ணையும்’ வலுக்கட்டாயமாகச் சீரழிப்பது குற்றம் என்று அம்மாநிலச் சட்டம் கூறியது. அந்தச் சொற்றொடருக்குள் சீலியாவும் அடங்குவார், ஆகவே அவருக்குத் தற்காப்புரிமை உண்டு என்பது அவரது வழக்குரைஞர்களின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெள்ளையருக்கு எதிராக அடிமைகள் சாட்சியம் சொல்வதைச் சட்டம் தடுத்திருந்ததால், தனக்கு நடந்ததைச் சீலியாவால் தன் வாயால் சொல்லவும் இயலவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று தூக்கிலிடப்பட்டார்.

லிடியாவும் சீலியாவும் கிடன்ஸின் பாடலில் இல்லை. பாடலில் இருப்பவர் பெயரற்ற அந்த 22 வயதுத் தாய். எனினும் மூவரையும் கட்டிய சட்டம் ஒன்றே. பாடலில் அந்தத் தாய் என்ன சொல்கிறார்? தன் உடலின் மீதும் உழைப்பின் மீதும் ஆண்டைக்கு உள்ள பிடியை அவர் மறைக்கவில்லை. தன் உயிரின் உள்ளிடம் ஒன்று அந்தப் பிடிக்கு அப்பால் இருப்பதாக அறிவிக்கிறார். மடியில் இருக்கும் பிள்ளை பறிக்கப்படும் நாள் வரும் என்பதை அவர் அறிவார். அந்த அறிவோடு பிள்ளையை நேசிப்பதா, நேசிக்காமல் தன்னைக் காத்துக்கொள்வதா என்ற கேள்வி அவர் முன் நிற்கிறது. அவர் நேசிக்கவே முடிவு செய்கிறார். விருப்பத்தேர்வு என்னும் சொல்லை விளம்பரம் வாங்குபவனுக்கு மட்டுமே வழங்கியிருந்தது. பாடல் அந்தத் தேர்வைத் தாயின் கைக்கு மாற்றுகிறது. ஒப்பாரியாக இழைந்திருக்கக்கூடிய இந்தப் பாடலை கிடன்ஸ் நடைப்பயணத்தின் உறுதியான தாளத்தில் பாடியிருப்பதன் காரணமும் இதுவே.

ஆண்டைச்சியிடம் ஒரு குறுக்கு விசாரணை

‘ஜூலி’ என்னும் பாடல் இரு பெண்களின் உரையாடல். உள்நாட்டுப் போரில் வடபுலப் படை நெருங்கி வருகிறது. வீட்டின் ஆண்டைச்சி, அடிமைப்பெண்ணான ஜூலியிடம் ஓடிவிடாமல் தன்னோடு இருக்குமாறு கேட்கிறாள். படைவீரர்கள் வந்தால், பெட்டியிலுள்ள பொன் ஜூலியினுடையது என்று சொல்லிக் காப்பாற்றித் தர வேண்டும் என்றும் வேண்டுகிறாள். இவ்வளவு காலம் பாசமாக இருந்தோமே என்பதுதான் அவளது வாதம். ஜூலி பதில் சொல்கிறார். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்பதை நினைவூட்டுகிறார். தன் பிள்ளைகளை விற்றுக் கிடைத்த பொன் அது.

குறுக்கு விசாரணையின் உயர்ந்த வடிவம் இது. எதிர்த்தரப்பு தானே முன்வைத்த பொருளை, அதன் வழியிலேயே பின்தொடர்ந்து சென்று, குற்றத்தின் சான்றாக நிறுத்துவது. ‘வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தோம்’ என்ற வாக்கியத்தை நம் ஊர்ப் பண்ணைகளிலும் கேட்டிருக்கிறோம். ஜூலி அதற்குக் குரலை உயர்த்தாமல், விடைபெறும் தொனியிலேயே விடையளிக்கிறார். பாஞ்சோவின் தாழ்ந்த ஒலி மட்டும் உடன் வருகிறது.

14 ஆண்டுகள், 38 ஆண்டுகள், 39 ஆண்டுகள்

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானைச் சேர்ந்தவர்கள் வைத்த குண்டு வெடித்தது. அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் ஆகிய 14 வயதுச் சிறுமிகளும், 11 வயதான டெனிஸ் மெக்நேரும் கொல்லப்பட்டனர். அதே நாளில் அதே நகரில் மேலும் இரு கறுப்பினச் சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவரைச் சுட்டது காவலர்.

இந்நிகழ்வைப் பற்றி ரிச்சர்ட் ஃபரீனா எழுதி, ஜோன் பயஸ் பாடிப் பரவலான ‘பர்மிங்ஹாம் சண்டே’ பாடலை கிடன்ஸ் இங்கே மீண்டும் பாடுகிறார். எழுதியவரும் முதலில் பரப்பியவரும் கறுப்பினத்தவர் அல்லர். அவர்களது தோழமை மதிப்புக்குரியது. ஆனால் பியானோவும் தேவாலயச் சேர்ந்திசையும் சூழ கிடன்ஸ் அதைப் பாடும்போது, அனுதாபச் செய்தியாக இருந்தது வீட்டாரின் துக்கமாக மாறுகிறது.

அந்தப் பாடலை நாம் வழக்கின் நாட்குறிப்போடு சேர்த்துக் கேட்க வேண்டும். சந்தேகத்திற்குரியவர்கள் யார் என்பதைக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு 1965க்குள் அறிந்திருந்தது. 1968இல் எவர் மீதும் குற்றம் சாட்டாமலே கோப்பை மூடியது. ராபர்ட் சாம்ப்லிஸ் தண்டிக்கப்பட்டது 1977இல், 14 ஆண்டுகளுக்குப் பின். தாமஸ் பிளான்டன் 2001இல், 38 ஆண்டுகளுக்குப் பின். பாபி ஃபிராங்க் செர்ரி 2002இல், 39 ஆண்டுகளுக்குப் பின். நான்காமவரான ஹெர்மன் கேஷ் குற்றம் சாட்டப்படாமலே 1994இல் இறந்துபோனார்.

இத்தனை ஆண்டுகள் அந்தக் கோப்பு மூடிக் கிடந்தபோது, வழக்கைத் திறந்து வைத்திருந்தவை நினைவேந்தல்களும் குடும்பத்தாரின் விடாமுயற்சியும் பாடல்களுமே. பாடல் தீர்ப்பாகிவிடாது. யாரையும் அது சிறைக்கு அனுப்பாது. ஆனால் சாட்சிகள் மூப்படைந்து, ஆவணங்கள் காணாமற்போய், வழக்கு நடத்தும் மனநிலை அரசிடம் இல்லாத காலத்தில், இறந்தவர்களின் பெயர்களை மக்கள் நாவில் வைத்திருப்பது சிறிய பணியன்று. பிறழ்சாட்சிகளும் ஒத்திவைப்புகளும் கண்டு சலித்த எங்களுக்கு இதன் மதிப்பு நன்கு தெரியும்.

முதல் முறையே சரியாக இருக்க வேண்டியவன்

தொகுப்பின் நடுவே இசையின் காலம் மாறுகிறது. ‘பெட்டர் கெட் இட் ரைட் தி ஃபர்ஸ்ட் டைம்’ பாடலில் சோல் இசையின் ஊதுகருவிகளும் ராப்பும் வருகின்றன. ராப் பகுதியைப் பாடியவர் கிடன்ஸின் சகோதரி மகன் ஜஸ்டின் ஹாரிங்டன். ஒழுங்காக வாழ்ந்து, சொன்னபடி நடந்தும் கொல்லப்படும் கறுப்பின இளைஞன் ஒருவனின் கதை இது. 2014இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டமீர் ரைஸ், காவல் வாகனம் வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டு இறந்ததையும், அந்தக் காவலர் மீது வழக்குத் தொடரத் தேவையில்லை என 2015இல் பெருநடுவர் குழு முடிவு செய்ததையும் நினைவிற்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

தலைப்பின் பொருள், ‘முதல் முறையே சரியாகச் செய்துவிடு’ என்பது. இதைச் சட்டத்தோடு பொருத்திப் பார்ப்போம். காவலரின் வன்முறை வரம்பு மீறியதா என்பதை அளக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989இல், கிரஹாம் எதிர் கானர் வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. வட கரோலினாவின் சார்லட் நகரில், சர்க்கரை நோயால் தடுமாறிய ஒரு கறுப்பினத்தவரைக் காவலர்கள் தாக்கியதிலிருந்து எழுந்த வழக்கு அது. களத்தில் நிற்கும் நியாயமான காவலரின் பார்வையிலிருந்தே செயலை மதிப்பிட வேண்டும், நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியைக் கணக்கில் கொள்ள வேண்டும், பின்னறிவைக் கொண்டு குறை காணக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் காவலரின் நொடிப்பொழுதுப் பிழைக்கு இடம் ஒதுக்குகிறது. எதிரே நிற்கும் இளைஞனுக்கு அத்தகைய நொடி எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவன் கையை எடுத்த விதம், திரும்பிய வேகம், அணிந்த உடை அனைத்தும் முதல் முறையே சரியாக இருந்தாக வேண்டும். ஒரு சட்டக் கட்டுரை பல பக்கங்களில் சொல்வதைப் பாடலின் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நெடுஞ்சாலையில் ஒரு தமிழ்க் குரல்

தொகுப்பின் இறுதிப் பாடலே அதன் தலைப்புப் பாடல். 1965 மார்ச் 7 அன்று, வாக்குரிமை கோரி அலபாமாவின் செல்மா நகரிலிருந்து புறப்பட்டவர்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் காவல்துறை கொடூரமாகத் தாக்கியது. மார்ச் 21 அன்று மீண்டும் புறப்பட்டவர்கள் 25ஆம் நாள் மான்ட்கோமரியை அடைந்தனர். அந்த நடைப்பயணத்திற்காக ஸ்டேபிள் சிங்கர்ஸ் குழுவின் பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் எழுதிய பாடல் இது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி, ஒதுக்கல் வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றும் முன் நடுவண் அரசின் அனுமதி பெற வேண்டும் என்பதாகும். எந்தெந்தப் பகுதிகள் என்று தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியாகிவிட்டதாகக் கூறி, 2013இல் உச்ச நீதிமன்றம் ஷெல்பி கவுன்டி வழக்கில் அதை நீக்கியது. நிலைமை மாறிவிட்டது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் காரணம். பாதுகாப்பால் நேர்ந்த மாற்றத்தையே பாதுகாப்பு தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் இந்த வாதம் நமக்குப் புதிதன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றியும் இடஒதுக்கீட்டைப் பற்றியும் இதே வாதத்தை எதிர்கொண்டு வருகிறோம். 52 ஆண்டுகளுக்குப் பின் கிடன்ஸ் அதே பாடலைப் பாட நேர்ந்ததன் பொருள் இங்கே விளங்குகிறது.

இந்தப் பாடலில் கிடன்ஸுடன் இணைந்து பாடுபவர் பீ பீமன். ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பாடகர். விடுதலை நெடுஞ்சாலையில் ஒலிக்கும் இரண்டாம் குரல் தமிழ் வேருடையது என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் உறவு அதைவிடப் பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படியைக் கேட்டார். டு போய்ஸ் விடை எழுதினார். 1972இல் மும்பை இளைஞர்கள் தம் அமைப்புக்குத் தலித் பேந்தர்ஸ் எனப் பெயரிட்டபோது அந்த உரையாடல் தொடர்ந்தது.

நம் ஆவணங்கள்

இந்த இசைத்தொகுப்பைக் கேட்டு முடித்தபின் நம் முன் நிற்கும் கேள்வி அமெரிக்காவைப் பற்றியது மட்டுமன்று. தமிழகத்திலும் மனிதர்களை விற்ற ஓலைகள் உண்டு. பள்ளர், பறையர் குடும்பங்களை நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விலைக்கு எழுதிய அடிமை ஓலைகள் எஞ்சியிருக்கின்றன. விற்கப்படுபவரின் இனிப் பிறக்கும் சந்ததியையும் சேர்த்து எழுதிய ஓலைகளும் அவற்றுள் உண்டு. வர்ஜீனியாவின் சட்டம் செய்ததை இங்கே ஓலை செய்தது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ என்னும் நூலில் இவ்வரலாற்றை விரிவாகத் தந்திருக்கிறார். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அதற்கு 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பண்ணையாள் முறையும் கொத்தடிமை முறையும் அதன் பின்னும் தொடர்ந்தன. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அதற்குச் சான்று.

அந்த ஓலைகளையும் ஆண்டையே எழுதினான், அல்லது ஆண்டைக்காகக் கணக்கன் எழுதினான். அவற்றை வரலாற்றாசிரியர்கள் படித்துவிட்டார்கள். சட்டம் படித்த நம் இளைஞர்களும் பாடகர்களும் சேர்ந்து அமர்ந்து அவற்றைப் படிக்க வேண்டிய வேலை மீதமிருக்கிறது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த நம் மூத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜோ தாம்ப்சனிடம் கிடன்ஸும் நண்பர்களும் சென்றபோது அவருக்கு வயது 86. 2012இல் அவர் இறந்துவிட்டார். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தப் பாடங்கள் கிடைத்திரா. நம் ஊர்களில் அந்த வயதில் இருப்பவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்த மாதமே நாம் போயாக வேண்டும்.